பன்னிரண்டு கிலோ சர்க்கரை, பத்து மண்டையோடு

அக்டோபர் 12, சனிக்கிழமை மதியம் ஐந்தாவது தடவையாக அச்சைப் பிரித்தேன். மூன்று அச்சு, மூன்று சர்க்கரை மண்டையோடு, மூன்றும் முழுசு. கண்குழியும் பல்வரிசையும் தெளிவாக விழுந்திருந்தன. விரலால் சுண்டினால் மண்கலயம் போல உள்ளே வெற்றிடச் சத்தம் கேட்டது. ஆகஸ்டிலிருந்து பட்ட பாட்டை மறக்குமுன் எழுதிவைக்கிறேன்.

நாங்கள் இருப்பது மெக்சிகோவில், தொலூக்காவில். தலைநகரிலிருந்து மேற்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், கடல் மட்டத்துக்கு மேலே 2,660 மீட்டர். கார் உதிரிபாக வேலை என்னை இங்கே கொண்டுவந்தது. இந்தக் கதையில் பெரிய வில்லன் அந்த 2,660தான். அது தெரிய எனக்கு ஐந்து கிலோ சர்க்கரை ஆனது.

முதலில், ஏன் மண்டையோடு? இங்கே நவம்பர் தொடக்கத்தில் செத்தவர்களை வீட்டுக்கு வரவேற்கும் இறந்தோர் நாள் பண்டிகை. அதற்காக 2023 அக்டோபர் கடைசியில் வீட்டுச் சொந்தக்கார அம்மா, இந்த ஊர் வழக்கில் சென்யோரா, எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு சர்க்கரை மண்டையோடு கொண்டுவந்து கொடுத்தார். பச்சை, ரோஸ் கோலம் போட்டு, கண்ணில் ஜிகினா ஒட்டி, நெற்றியில் பெயர். என் பெயர், மனைவி பெயர், ஆறு வயது மகள் பெயர். மனைவி அதைக் கையில் வாங்கவே இல்லை. "உயிரோட இருக்கிற பிள்ளை பேரை மண்டையோட்டுல எழுதுவாங்களாங்க?" என்று என்னிடம் தமிழில் பல்லைக் கடித்தாள். சென்யோராவுக்குத் தமிழ் தெரியாது, முகம் தெரிந்தது. சிரித்துவிட்டுச் சொன்னார்: "இது சாவு இல்லை மிஹோ, மிட்டாய். உன் பேர் போட்டது, நீதான் தின்னணும்." மிஹோ என்றால் என் மகனே. இந்த ஊரில் நண்பர்களுக்கு, பிள்ளைகளுக்கு, கூட வேலை பார்ப்பவருக்கு என்று உயிரோடு இருப்பவர் பெயரைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். செத்தவர்களுக்கும் உண்டு, அது வீட்டில் வைக்கும் படையல் மேடையில். அந்தப் படையலுக்கு ஒஃப்ரெந்தா என்று பெயர்.

வாங்கியதற்குத் திருப்பிச் செய்யாமல் இருக்க எங்கள் வீட்டில் யாராலும் முடியாது. அடுத்த வருஷம் நாமே செய்து கொடுப்போம் என்று வாய்விட்டுவிட்டேன். கடையில் வாங்கியிருக்கலாம். அக்டோபர் நடுவிலிருந்தே ஊர் நடுவில் போர்த்தாலெஸ் என்ற வளைவு மண்டபத்தடியில் இதற்கென்றே சந்தை போடுகிறார்கள். அல்ஃபெஞிக்கே சந்தை என்று பெயர். சர்க்கரை ஆட்டுக்குட்டி, சர்க்கரை மான், இழுத்தால் பிணம் எழுந்து உட்காரும் சர்க்கரைச் சவப்பெட்டி, எல்லாம் இருக்கும். அந்த அல்ஃபெஞிக்கே என்ற சொல் ஸ்பானிஷுக்கு அரபியிலிருந்து வந்தது. அரபிக்குப் பாரசீகத்திலிருந்து, அங்கே போனது சமஸ்கிருதப் பாணிதத்திலிருந்து. காய்ச்சிய கரும்புச்சாறு. நம்ம பாகு வகைதான் என்று தெரிந்ததும் எனக்கு வேண்டாத தைரியம் வந்துவிட்டது.

முதல் தடவை, ஆகஸ்ட் 17. இணையத்தில் எளிதாகத் தெரிந்த வழி: சர்க்கரையில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து ஈர மணல் பதத்துக்குப் பிசைந்து, பிளாஸ்டிக் அச்சில் அமுக்கி, கவிழ்த்துக் காயவிடுவது. ஒரு கிலோ சர்க்கரை, ஒரு வெள்ளைக்கரு. கவிழ்த்தபோது அழகாக நின்றது. ஆனால் ஆகஸ்டில் தொலூக்காவில் தினமும் சாயங்காலம் மழை. இரண்டு நாள் ஆகியும் காயவில்லை, மூன்றாம் நாள் தாடை கழன்று விழுந்தது. எடுத்துப்போய்க் காட்டினேன். சென்யோரா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "இது மணல் வீடு" என்றார். அவருடைய அத்தை ஒரு காலத்தில் போர்த்தாலெஸில் கடை போட்டவராம். மண்டையோடு என்றால் பாகு காய்ச்சி மண் அச்சில் வார்த்து, நடுவிலிருக்கும் பாகைத் திரும்ப ஊற்றிவிட வேண்டும், உள்ளே வெற்றிடமாக இருக்க வேண்டும், அதுதான் முறை என்று சொல்லி, பரணிலிருந்து ஒரு செம்புக் கடாயை இறக்கிக் கொடுத்தார். இங்கே அதற்குக் காசோ என்று பெயர். காசோவுக்குக் காசு வாங்கவில்லை.

காசோவின் உள்பக்கம் பச்சைக் களிம்பு. எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தேன். பித்தளைக்குப் புளி மாதிரி இதற்கு எலுமிச்சை. பத்து நிமிஷத்தில் ரோஜா நிறத்துக்கு வந்தது. இது ஒன்றுதான் முதல் தடவையே சரியாக நடந்த வேலை.

அச்சு மெத்தெபெக்கில் வாங்கினேன். பக்கத்து ஊர், மண்வேலைக்குப் பேர்போன ஊர். முகம் ஒரு பாதி, பின்மண்டை ஒரு பாதி. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் கழுத்துப் பக்கம் ஓட்டை. உயரம் 10 செ.மீ., அகலம் ஏழரை. ஒன்று 110 பேசோ, மூன்று வாங்கினேன். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் சூட்டில் அறுந்துவிடும் என்று பழைய சைக்கிள் டியூபை ஒன்றரை விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டிக்கொண்டேன். கடைசிவரை ஒன்றுகூட அறவில்லை.

இரண்டாவது, செப்டம்பர் 7. இரண்டு கிலோ சர்க்கரை, 700 மில்லி தண்ணீர், அரை எலுமிச்சை. 280 பேசோவுக்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கியிருந்தேன். செய்முறை வீடியோவில் 118 டிகிரியில் இறக்கச் சொன்னார்கள், 118இல் இறக்கினேன். இறக்கும்போதே கடாய் ஓரம் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வந்தது. அவசரமாக வார்த்தேன். ஐந்து நிமிஷம் கழித்துக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. உள்ளேயே இறுகிவிட்டது. அச்சும் பிரியவில்லை. மேஜைக்கத்தியை இடுக்கில் விட்டு நெம்பினேன், சர்க்கரை வரவில்லை, அச்சு இரண்டாகப் பிளந்தது. 110 பேசோ.

தப்பு அச்சில் என்று முடிவுகட்டினேன். அதுவும் உண்மைதான். மண் அச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஈரத்தோடு கட்ட வேண்டும். நான் உலர்ந்த அச்சில் வார்த்திருந்தேன். இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் ஓசூர்க்காரன். எங்கள் தெருவில் கன்னட வீடுகளில் சங்கராந்திக்குச் சக்கரை அச்சு வார்ப்பார்கள். மர அச்சை ஊறப்போட்டு, ரப்பர் பேண்ட் போட்டு, கிளியும் தேரும் வாழைப்பழமுமாக வார்த்துத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். பத்து வருஷம் அதைப் பார்த்து, வாங்கித் தின்று வளர்ந்தவனுக்கு அச்சை நனைக்கத் தோன்றவில்லை.

மூன்றாவது, செப்டம்பர் 21. புது அச்சு ஒன்று வாங்கி, மூன்றையும் ஒரு மணி நேரம் ஊறப்போட்டேன். பாகு சீக்கிரம் இறுகியதற்கு எலுமிச்சை போதாததுதான் காரணம் என்று நானே நினைத்துக்கொண்டு, அரைக்குப் பதில் நான்கு எலுமிச்சை பிழிந்தேன். மறுபடி 118. இந்தத் தடவை பாகு பூக்கவே இல்லை. தேன் நிறத்தில் கண்ணாடியாக நின்றது. அச்சிலிருந்து வந்தது என்னவோ கமர்கட்டு. மகளுக்குக் கொண்டாட்டம். இரண்டு நாளில் ஈரத்தை இழுத்துத் தட்டில் சரிந்து படுத்துவிட்டது. மூக்கு இருந்த இடத்தில் எறும்பு.

அன்றைக்கு ராத்திரிதான் தெர்மாமீட்டர் மேல் சந்தேகம் வந்தது. வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கம்பியை உள்ளே விட்டேன். தளதளவென்று கொதிக்கிறது, காட்டுவது 91. ஓட்டை மீட்டர் என்று திட்டிவிட்டுப் படுத்தேன். பாதித் தூக்கத்தில் உறைத்தது. இந்த ஊரில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது என்று இரண்டு வருஷமாகத் தெரியும். இந்த உயரத்தில் தண்ணீர் 91லேயே கொதித்துவிடும். பருப்புக்கு ஒரு நியாயம், பாகுக்கு ஒரு நியாயமா? இங்கே 118 என்றால் கீழே கடற்கரை ஊரில் 127. எள்ளுருண்டைப் பாகையும் தாண்டிப் போய்விட்டதை மண்டையோட்டுக்கு வார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்காவது, அக்டோபர் 5. ஓசூரில் ராத்திரியாக இருக்கும் நேரத்தில் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். டிகிரிக் கணக்கை விளக்க ஆரம்பித்தேன். அம்மா பாதியில் நிறுத்தி, "அதெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. கிண்ணத்துல தண்ணி வெச்சிருக்கியா?" என்றார். வைத்தேன். கரண்டி நுனியால் ஒரு சொட்டு விட்டேன், கரைந்தது. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி, இழுத்தால் கம்பி வந்தது. அப்புறம் ஒரு சொட்டு தண்ணீருக்கடியில் போய் உட்கார்ந்தது, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டது. "அதிரசப் பதம். இறக்கு." இறக்கும்போது மீட்டரைப் பார்த்தேன்: 107. அன்றோடு மீட்டரை டிராயரில் போட்டேன். தண்ணீரில் உருட்டிப் பார்க்கும் பதம் ஓசூரிலும் ஒன்றுதான், எரிமலை அடிவாரத்துத் தொலூக்காவிலும் ஒன்றுதான்.

சென்யோரா அடுத்த பாடம் சொன்னார். இறக்கியதும் வார்க்கக்கூடாது. மரக்கரண்டியின் முதுகால் பாகைக் கடாயின் ஓரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது நிமிஷம் தேய்த்த இடத்தில் புகை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதைப் பாகோடு கலந்து மறுபடி தேய்த்தால் மொத்தமும் நீர்த்த பால் நிறத்துக்கு வரும். அந்த நொடியில் வார்க்க வேண்டும். அதற்கு முன்னால் என்றால் கமர்கட்டு, அதைத் தாண்டினால் கடாயிலேயே கல். வார்ப்பதற்கு எனக்குக் கிடைத்த இடைவெளி ஒரு நிமிஷம் இருக்கும். மனைவி அச்சைப் பிடிக்க நான் ஊற்ற, இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது.

கவிழ்க்கும் நேரத்தை யாரும் சரியாகச் சொல்லவில்லை. "ஓரம் இறுகினதும்" என்றார் சென்யோரா. அது எனக்குப் போதவில்லை, அதனால் மூன்று அச்சுக்கும் மூன்று நேரம் வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் கவிழ்த்தது முட்டை ஓடு போல வந்து, பிரிக்கும்போதே நெற்றி உடைந்தது. ஓட்டின் கனம் 3 மி.மீ. கூட இல்லை. ஐந்து நிமிஷத்துக்காரர் கச்சிதம்: ஓடு 6 மி.மீ., எடை 180 கிராம். பத்து நிமிஷத்துக்காரர் கிட்டத்தட்டக் கெட்டி. உள்ளே ஒரு கோலிக்குண்டு போகிற அளவுக்குத்தான் பொந்து. 440 கிராம். கதவு காற்றில் அடிக்காமலிருக்க அண்டைகொடுக்க வைத்துக்கொண்டோம்.

ஐந்தாவதும் ஆறாவதும். ஐந்தாவதை மேலே சொல்லிவிட்டேன். இரண்டு கிலோ, மூன்று அச்சு, மூன்றும் ஐந்து நிமிஷம், மூன்றும் தேறின. அக்டோபர் 19இல் மூன்று கிலோ காய்ச்சி இரண்டு ஈடு வார்த்தேன். கவிழ்த்து வந்த பாகில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுத் திரும்பக் காய்ச்சினால் இரண்டாவது ஈட்டுக்குச் சரியாக இருந்தது. ஆறில் ஐந்து தேறின. ஆறாவது, அச்சை மறுபடி நனைக்காமல் கட்டியது. ஒட்டிக்கொண்டது. அதே தப்பை இரண்டு தடவை செய்தவன் என்று என்னை எழுதிக்கொள்ளுங்கள்.

காயவைக்க ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே 60 வாட் குண்டு பல்பு, மேலே நாலு ஓட்டை. ஒரு ராத்திரி போதும். ஆகஸ்டில் இது தோன்றியிருந்தால் மணல் வீடுகூட நின்றிருக்குமோ என்னவோ.

கோலம். ஒரு வெள்ளைக்கருவுக்கு 200 கிராம் பொடிச் சர்க்கரை, நாலு சொட்டு எலுமிச்சை. கரண்டியைத் தூக்கினால் கொக்கி போல நிற்கிறவரை அடிக்க வேண்டும். இந்த வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். போன வருஷம் கையில் வாங்காதவள்தான். பட்டர் பேப்பரை மருதாணிக் கூம்பு மாதிரியே சுருட்டி, நுனியை ஊசி அளவுக்கு வெட்டி, கண்ணைச் சுற்றி இதழிதழாக வைத்தாள். நான் முயன்றது மூக்கிலிருந்து வழிந்தது. கலரில் ஒரு பாடம்: தண்ணியான சிவப்புச் சாயம் ஒரு ராத்திரியில் ஓட்டுக்குள் ஊறி முழு மண்டையும் ரோஸ் ஆகிவிட்டது. கெட்டியான பசைக்கலர் அப்படி ஊறவில்லை. கண்ணுக்கு ஜிகினாப் பேப்பரைக் காகிதம் குத்தும் மெஷினால் வட்டமாகக் குத்தி ஒட்டினோம்.

பெயர்: சென்யோரா, அவர் மகள், மூன்று பேரப்பிள்ளைகள், நாங்கள் மூன்று பேர். ஒன்பதாவது, ஒஃப்ரெந்தாவில் வைக்க அவருடைய காலஞ்சென்ற கணவர் பெயரில்.

அதைக் கொடுக்கப் போனபோது அவர் வீட்டில் மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று படி, வெள்ளைத் துணி, மேலே கத்தரித்த வண்ணக் காகிதத் தோரணம். வழியெல்லாம் செம்பசூச்சில் இதழ். நம்ம செண்டுமல்லிதான். ஓசூர்ப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போட்டிருப்பார்கள், அதன் சொந்த ஊர் இந்த மெக்சிகோ. பெயருக்கு நாவாட்ல் என்ற இந்த நாட்டுப் பழங்குடி மொழியில் இருபது பூ என்று அர்த்தம். ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு கிண்ணம் உப்பு, மெழுகுவத்தி, எலும்பு மாதிரி மாவு உருட்டி மேலே வைத்துச் சுட்ட ரொட்டி, கரும்புத் துண்டு. தணலில் ஒரு மரப்பிசின் புகைந்துகொண்டிருந்தது. சாம்பிராணி வாசம், பெயர் கோபால். முதல் தடவை கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டுக் கணக்கில் அக்டோபர் 31 ராத்திரி செத்துப்போன பிள்ளைகள் வருவார்கள், நவம்பர் 1 மதியத்திலிருந்து பெரியவர்கள், 2ஆம் தேதி எல்லாரும் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து பூப்போட்டு அங்கேயே சாப்பிடுவார்கள்.

"உன் அப்பா படம் எங்கே?" என்றார் சென்யோரா. போனில் இருந்தது. பேரன் ஓடிப்போய்க் கடையில் அச்சுப்போட்டு வந்தான். படம் வைத்தால் மண்டையோடு வேண்டும், மிச்சம் இருந்தது கதவுக்கு அண்டைகொடுத்த 440 கிராம்தான். தூசி தட்டி எடுத்துவந்தேன். மனைவி நெற்றியில் மாமனார் பெயரைத் தமிழில் எழுதினாள். அப்பா கடைசிப் பத்து வருஷம் சர்க்கரை நோய்க்காரர். காபியில் சர்க்கரை போடுவதில்லை, கல்யாண வீட்டு ஜாங்கிரியைக்கூடத் தள்ளிவைப்பார். அரைக்கிலோ சர்க்கரையைத் தலையாகப் பண்ணி அவர் முன்னால் வைத்தேன்.

மேடையில் ஒரு தப்பு நடந்தது. மெழுகுவத்திக்கு ஒரு சாண் தூரத்தில் என் மண்டையோடுகளை வைத்தோம். சூட்டில் அந்தப் பக்கத்துக் கோலம் மட்டும் இளகி, கண் ஜிகினா கன்னத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டு சாணாவது தள்ளி வைக்க வேண்டும்.

கணக்கு: சர்க்கரை 12 கிலோ 360 பேசோ. அச்சு நான்கு 440. தெர்மாமீட்டர் 280, வீண். முட்டை, எலுமிச்சை, கலர், ஜிகினா 150. பல்பும் ஒயரும் 60. மொத்தம் 1,290. பத்து மண்டையோட்டுக்கு ஒன்று 129 பேசோ. கேஸ் தனி. இதே அளவு போர்த்தாலெஸில் அந்த வருஷம் 40 பேசோவுக்கு, இதைவிட நல்ல பல்வரிசையோடு கிடைத்தது.

அடுத்த தடவை இரண்டு கிலோவுக்கு மேல் ஒரே ஈட்டில் காய்ச்ச மாட்டேன், தேய்க்கக் கை வலிக்கிறது. அச்சை முந்தின ராத்திரியே ஊறப்போடுவேன், ஈட்டுக்கு ஈடு பத்து நிமிஷம் வாளியில் முக்குவேன். மழை நிற்கும்வரை தொடங்க மாட்டேன். கடைக்காரர்கள் பல மாதம் முன்னாலேயே ஆரம்பிக்கிறார்கள், அவர்களுக்கு அது பிழைப்பு, எனக்கு நாலு சனிக்கிழமை போதும். ஆட்டுக்குட்டி பண்ண வேண்டும் என்று மகள் கேட்கிறாள். அது பாகு இல்லை, பிசைந்த மாவு. ஒருவகை ஆர்கிட் செடியின் கிழங்கைக் காயவைத்துப் பொடித்து, அந்தப் பசையைப் பொடிச் சர்க்கரையில் சேர்த்துப் பிசைகிறார்கள். சௌத்லே என்று பெயர். அதற்கு இன்னும் பன்னிரண்டு கிலோ ஆகும்.

நவம்பர் 3ஆம் தேதி மேடையைப் பிரித்தார்கள். அவரவர் மண்டையோட்டை அவரவர் எடுத்துக்கொண்டோம். வந்தவர்கள் ருசியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதனால் படையல் சப்பென்று இருக்கும் என்றார் சென்யோரா. தன் பெயர் எழுதியதை அம்மிக்குழவி போன்ற கல்லால் ஒரு தட்டுத் தட்டி, தாடையை எடுத்துக் காபியில் போட்டுக்கொண்டார். அப்பாவுடையது அவ்வளவு லேசில் உடையவில்லை. நாலு அடி தேவைப்பட்டது. ஒரு துண்டை எங்கள் ஃபில்டர் காபியில் போட்டுக் குடித்துப் பார்த்தேன். இனிப்பு துளிகூடக் குறையவில்லை. அப்பா அங்கேயும் தொடவில்லை போல.